மேற்குச் சுவரோரம் வண்ண இலைச் செடிகள்: திருச்சி வெயிலில் ஒரு செய்முறை

எங்கள் வீடு திருச்சியில், மேற்குப் பார்த்த மனை. முன்சுவரை ஒட்டி, ஜன்னல்களுக்குக் கீழே 22 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. இதற்கு முன்னால் அதில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருந்தன. செம்பருத்தியை மாவுப்பூச்சி உறிஞ்சித் தீர்த்தது. நந்தியாவட்டை ஆள் உயரம் போய் ஜன்னலை மறைத்தது. வெட்டினால் பூ போச்சு, விட்டால் வெளிச்சம் போச்சு.

அதனால் இந்த முறை பூவையே நம்பக் கூடாது என்று முடிவு செய்தோம். இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத செடி வேண்டும். வருஷம் முழுக்க இலையோடு நிற்க வேண்டும். நிறம் இலையிலேயே இருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நர்சரிக்குப் போனால் வண்ண வண்ணமாக ஐம்பது செடி கண்ணில் படும். ஆனால் அங்கே பச்சை வலைக்கடியில் நிற்கும் செடிக்கும் நம் வீட்டு மேற்கு வெயிலில் நிற்கப் போகும் செடிக்கும் சம்பந்தம் கிடையாது. நிறத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. செடியைத்தான் வாங்க முடியும். நிறம் வருவதும் போவதும் வெயிலும் கத்தரியும் தீர்மானிக்கிற விஷயம்.

வெயில் கணக்கு

செடி வாங்குவதற்கு முன்னால் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து வைத்தேன். காலையில் துண்டு முழுவதும் வீட்டு நிழலில் இருக்கும். உச்சி சாய்ந்ததும் தெற்குப் பாதியில் நேர் வெயில் இறங்கிவிடும், சூரியன் மறையும் வரை விடாது. வடக்குப் பாதிக்கு எதிரே தெருவோரத்தில் ஒரு பெரிய வேப்பமரம். அதன் நிழலில் அந்தப் பக்கம் சல்லடை வெயில்தான். ஆக ஒரே துண்டில் இரண்டு தோட்டம். கூடவே சுவர் வேறு இருக்கிறது. மேற்குச் சுவர் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டிய பிறகும் சூட்டை விடும். சித்திரை மாதம் ராத்திரி எட்டு மணிக்குக் கையை வைத்துப் பார்த்தால் தெரியும். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளித்தான் செடி வைக்க வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

கழித்துக் கட்டியவை சில. தங்க நிற ஃபைகஸ் பார்க்க ஜோராக இருக்கும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும். ஆனால் அது ஆலமரத்து வம்சம். அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. ஊட்டி, பெங்களூரு பக்கம் கருஞ்சிவப்பு இலையோடு குட்டைப் புதராக நிற்கும் லோரோபெடாலம் மீது ஆசை உண்டு. அது குளுமைக்குப் பழகிய செடி, திருச்சிச் சமவெளிக்கு ஒத்து வராது. செம்பு நிற அக்கலிபா எந்த வெயிலையும் தாங்கும். நம் குப்பைமேனிக்குப் பங்காளிதான் அது. பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது. ஆனால் அதுவும் சும்மா விட்டால் ஆள் உயரம் தாண்டும், 3 அடி அகலத்துக்கு அது பெரிய செடி. கேட்டுக்கு வெளியே இடம் இருந்திருந்தால் வைத்திருப்பேன்.

கடைசியில் நின்றவை இவை. வெயில் பக்கம் முன்வரிசைக்குத் தங்க நிறத்தில் துளிர்க்கும் கோல்டன் டுராண்டா, பின்வரிசைக்குக் குட்டை ரகக் குரோட்டன்ஸ். ‘மாமி’ என்றுதான் அந்த ரகத்துக்குப் பெயர். இலை முறுக்கிக்கொண்டு, கருஞ்சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். நிழல் பக்கம் பின்னால் ‘கோல்ட் டஸ்ட்’ குரோட்டன்ஸ், பச்சை இலையில் மஞ்சள் பொட்டுத் தெளித்தது. அதற்கு முன்னால் எக்ஸ்கோகேரியா. மேலே கரும்பச்சை, இலையைத் திருப்பினால் அடியில் ஒயின் நிறம். மூலைக்கு மஞ்சள் திட்டு ஷெஃப்லெரா ஒன்று.

எக்ஸ்கோகேரியா பற்றி ஒரு வார்த்தை. பிச்சாவரம் சதுப்பில் நிற்கிற தில்லை மரமும் இதே இனம்தான். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பது கடலோர ஆட்களுக்குத் தெரிந்த விஷயம். இந்தக் குட்டைச் செடியும் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிக்கும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். குரோட்டன்ஸும் பால் செடிதான். அதன் பால் சட்டையில் பட்டால் பழுப்புக் கறையாக நின்றுவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. இவை எல்லாமே ஆமணக்குக் குடும்பம். டுராண்டா வேறு குடும்பம். ஆனால் அதன் மஞ்சள் காய்கள் விஷம். சின்னப் பிள்ளைகளும் நாயும் இருக்கிற வீட்டில் காய்க்க விடாமல் வெட்டிக்கொண்டே இருப்பது நல்லது.

நர்சரியில் என்ன பார்த்தேன்

“இது எம்புட்டு உசரம் போகும்?” என்று நான் கேட்டதற்கு நர்சரிக்காரர், “அடக்கமாத்தான் சார் வளரும்” என்றார். எல்லாச் செடிக்கும் அதே பதில். சரி, தரையில் வைத்த தாய்ச்செடி இருந்தால் காட்டுங்கள் என்றேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு குரோட்டன்ஸ் எட்டடிக்கு நின்றது. முன்னால் கவரில் முக்கால் அடியில் இருந்ததும் அதே ரகம்தான்! சிரித்துவிட்டு, “அப்ப மாமிய எடுத்துக்குங்க சார், அது நெஜமாவே குட்டை” என்றார்.

ஒரு செடி இயல்பிலேயே குட்டையா, இப்போதைக்குக் குட்டையா என்பதைக் கணுவைப் பார்த்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம். இலைக்கும் இலைக்கும் நடுவில் தண்டு தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருந்தால் குட்டை ரகம். ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மாந்தோப்புகளில் பூ பிடிக்க ஊற்றுகிறார்களே பேக்லோபியூட்ரசால், அந்த வகை வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தை அலங்காரச் செடிகளுக்கும் பயன்படுத்துவது உண்டு. மருந்தின் வேகம் தீர்ந்ததும் புதுத்துளிர் நீட்டிக்கொண்டு போகும். பழைய கணுக்கள் நெருக்கமாகவும் நுனியில் மட்டும் இடைவெளி அகலமாகவும் இருந்தால் நான் அதை எடுப்பதில்லை. இன்னொன்று, புதராகத் தெரிவது ஒரே செடியா, ஒரு கவரில் மூன்று குச்சி நட்டதா என்று அடியைப் பார்க்க வேண்டும். மூன்று குச்சி தப்பில்லை, விலை மட்டும் ஒரே செடியின் விலையாக இருக்க வேண்டும்!

இலையைத் திருப்பிப் பார்க்காமல் குரோட்டன்ஸ் வாங்கவே கூடாது. மாவுப்பூச்சி இலைக்காம்பும் தண்டும் சேரும் மூலையில்தான் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு செடியில் வந்தால் வரிசை முழுக்கப் பரவ ஒரு மாதம் போதும்.

மண், முதலில் மண்

இடம் கட்டட வேலை நடந்த இடம். மேலே செம்மண், தோண்டினால் ஜல்லியும் காரையும். காரை இருக்கிற மண்ணில் சுண்ணாம்புத் தன்மை ஏறியிருக்கும். கண்ணுக்குத் தெரிய ஒரு சோதனை உண்டு. அரையடி ஆழத்து மண்ணை ஒரு கிண்ணத்தில் எடுத்து, சமையலறை வினிகரைக் கொஞ்சம் ஊற்றினேன். காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் சுர்ரென்று சத்தம், மேலே சின்னச் சின்ன நுரை. சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து எவ்வளவு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது. புது இலை நரம்பு மட்டும் பச்சையாக, மீதி வெளுத்துப் போகும்.

ஆள் வைத்து ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்தோம். எடுத்ததில் பாதிக்கு மேல் வெளியே போனது. உள்ளே போட்டது செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் கிடைக்காததால் எம் சாண்டைக் கழுவி அதில் ஒரு பங்கு. கூடவே வேப்பம் புண்ணாக்கு. அது கரையானுக்காக. இந்தப் பக்கம் காய்ந்த சருகு எங்கே கிடந்தாலும் கரையான் வந்துவிடும். நடுவதற்கு முன் ஒரு குழியில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் வடிந்தது. மறுநாளும் தேங்கி நின்றிருந்தால் இன்னும் ஆழம் எடுத்து அடியில் செங்கல் உடைசல் போட வேண்டியிருந்திருக்கும்.

நட்ட காலம் புரட்டாசி. ஆடியில் நடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். விதைக்கு ஆடி சரி. புதிதாக வைத்த அகல இலைச் செடிக்குத் திருச்சியின் ஆடிக்காற்று ஆகாது. இலையைக் கிழிக்கிறதோ இல்லையோ, ஈரத்தை உறிஞ்சிவிடும். புரட்டாசியில் வைத்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் வேர் பிடித்து, தை மாசியில் துளிர்விட்டு, பங்குனி வெயிலுக்குள் செடி நிலைத்துவிடும்.

இனி வேர் உருண்டை. தமிழ்நாட்டு நர்சரிகளுக்கு லாரியில் வரும் செடிகளில் ஒரு பெரும்பங்கு ஆந்திராவில் ராஜமகேந்திரவரத்துக்குப் பக்கத்திலுள்ள கடியம் வட்டாரத்திலிருந்து வருவது. அங்கே களிமண்ணைப் பிசைந்து வேரைச் சுற்றி உருண்டை பிடித்து அனுப்புகிறார்கள். நெடுந்தூரப் பயணத்துக்கு அது நல்ல ஏற்பாடு, லாரியில் குலுங்கினாலும் உடையாது. ஆனால் அதை அப்படியே நம் மண்ணுக்குள் வைத்தால் சிக்கல். சுற்றிலும் உள்ள மண் பொலபொலவென்று இருக்க, நடுவில் அந்த உருண்டை தனியாகவே இருக்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நாம் ஊற்றுகிற தண்ணீர் அதன் பக்கவாட்டில் வழிந்து போய்விடும். மேலே மண் ஈரம், உள்ளே வேர் வறட்சி. மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறாக உள்ளே சொதசொதவென்று நிற்கும்.

அதனால் நட முன் ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு உருண்டையையும் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். ஊறியதும் விரலால் வெளிப்பக்கத்துக் களியைக் கரைத்தேன். கை முழுக்கச் செம்பழுப்புச் சேறு. முழுவதையும் கழுவிவிடக் கூடாது. மயிர் வேர்கள் அறுந்துபோகும். வெளியில் கால் பங்கு களிமண் போய், வேர் நுனிகள் ஆங்காங்கே தலைகாட்டினால் போதும். சுற்றிச் சுருண்ட வேர் ஒன்றிரண்டு இருந்தால் நறுக்கிவிட்டேன். டுராண்டா இதற்கெல்லாம் அசரவில்லை. எக்ஸ்கோகேரியாவும் சும்மா இருந்தது. குரோட்டன்ஸ்தான் கோபித்துக்கொண்டது.

இலை கொட்டும் காலம்

குரோட்டன்ஸை இடம் மாற்றினால் இலை கொட்டும். இது அதன் சுபாவம். வெளிச்சம் மாறினாலும், ஈரம் மாறினாலும், வேரைத் தொட்டாலும் முதலில் இலையைத்தான் உதறும். ஆகவே வாங்கிய கையோடு வெயில் பக்கம் நடாமல், முதலில் வேப்பமர நிழலில் வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்த்தி, பிறகுதான் நட்டேன். அப்படியும் அடி இலைகள் மஞ்சளாகி விழுந்தன. இரண்டு செடி கிட்டத்தட்ட மொட்டை. “செத்துப் போச்சுங்க, புடுங்கிடலாமா?” என்று வீட்டில் கேட்டாள். தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினேன். தோலுக்கடியில் பச்சை, கூடவே ஒரு துளிப் பால். பச்சையும் பாலும் இருக்கிறவரை செடிக்கு உயிர் இருக்கிறது. இந்த நேரத்தில் செய்யக்கூடாதது இரண்டு. இலை இல்லையே என்று உரம் போடக் கூடாது, வாடியிருக்கிறதே என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. இலையில்லாத செடிக்குத் தண்ணீர் தேவையும் குறைவு.

நிழல் வலைக்கடியில் உருவான இலை வெயிலுக்குப் பழகவே பழகாது. அது கருகினால் கருகட்டும். வெயிலில் பிறக்கும் புது இலை தடித்து, சின்னதாக, அந்த இடத்துக்குத் தகுந்தாற்போல் வரும். அதுதான் கணக்கு. கார்த்திகையில் மாமி துளிர்த்தபோது புது இலை பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருந்தது. நிறம் போய்விட்டதே என்று நினைக்கத் தோன்றும். குரோட்டன்ஸில் பல ரகங்கள் இளசில் பச்சை மஞ்சளாக வந்து, முற்ற முற்றத்தான் ஆரஞ்சு, சிவப்பு, கருஞ்சிவப்பு என்று மாறும். டுராண்டா இதற்கு நேர் எதிர். அதில் தங்க நிறம் இளந்துளிருக்கு மட்டும்தான், முற்றினால் பச்சை. இந்த ஒரு வித்தியாசம் மனதில் இருந்தால் கத்தரியை எங்கே எடுப்பது, எங்கே வைப்பது என்பது தெளிவாகிவிடும். டுராண்டாவை அடிக்கடி வெட்ட வேண்டும். குரோட்டன்ஸை அடிக்கடி வெட்டினால் சிவப்பைப் பார்க்கவே மாட்டோம்.

நிழல் பக்கத்துக்கு ஒரே ஒரு மாமியை வைத்துப் பார்த்தேன், பரிசோதனைக்காக. உயிரோடு, கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனால் பச்சை. வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும், சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் குறையும், மஞ்சள் மூடிப்போகும். கோல்ட் டஸ்ட் மட்டும் அதே நிழலில் தன் பொட்டுகளை விடவில்லை. ‘குரோட்டன்ஸுக்கு வெயில் வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வதில் பாதிதான் உண்மை, ரகத்தைப் பொறுத்தது.

கத்தரி

டுராண்டாவைக் கவர் ஒன்று 15 ரூபாய் விலையில் வாங்கி, அடிக்கு ஒன்றாக நட்டேன். வேர் பிடித்ததும் முதல் வேலை, நுனியைக் கிள்ளுவது. நன்றாக வளருகிற செடியின் நுனியைக் கிள்ள மனசு வராது. ஆனால் கிள்ளாமல் விட்டால் ஒரே குச்சியாகப் போய் மேலே மட்டும் கூரை போடும். கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும். அவை நாலைந்து இலை விட்டதும் அவற்றையும் கிள்ள வேண்டும். இப்படி அரையடி உயரத்திலேயே அடர்த்தியை உண்டாக்கிக்கொண்டு பிறகுதான் மேலே விட வேண்டும். பெரிய கத்தரியால் தட்டையாக வெட்டுவதெல்லாம் அதற்குப் பின்னால்.

வெட்டும்போது அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் சாய்த்து வெட்டுகிறேன். ரோட்டு மீடியன்களில் பார்த்திருப்பீர்கள், டுராண்டா வேலி மேலே தங்கமாகவும் கீழே வெறும் குச்சியாகவும் நிற்கும். நேர்ச் சுவராகவோ மேலே அகலமாகவோ வெட்டுவதால் வருவது அது. மேல் இலையின் நிழல் அடி இலையைக் கொன்றுவிடுகிறது. இன்னொன்று, ஒவ்வொரு முறையும் அதே மட்டத்தில் வெட்டினால் அங்கே முடிச்சு முடிச்சாகக் கட்டை சேர்ந்துகொள்ளும். நான் அவ்வப்போது சின்னக் கத்தரியை உள்ளே விட்டு, தடித்த கிளைகள் சிலவற்றை அடியோடு எடுத்துவிடுகிறேன். அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே போய் நடுவிலிருந்தும் துளிர் வருகிறது. மழைக்காலத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்தரி தேவைப்படும். சித்திரை வைகாசியில் தொடவே மாட்டேன். வெளியிலைகளை எடுத்துவிட்டால் இதுவரை நிழலில் இருந்த உள்ளிலை ஒரே மதியத்தில் பொரிந்துவிடும்.

குரோட்டன்ஸுக்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு போதும், ஆவணி வாக்கில். பெரிய கத்தரி கூடாது. அகல இலையை நடுவில் வெட்டினால் வெட்டு வாய் பழுப்பாகிப் பார்க்கச் சகிக்காது. எந்தக் கிளை மட்டத்தைத் தாண்டிப் போகிறதோ அதை மட்டும் கணுவுக்குச் சற்று மேலே தனித்தனியாக நறுக்குவது. கையுறையும் பழைய சட்டையும் கட்டாயம். பால் நிற்க வெட்டு வாயில் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும்.

மூலை ஷெஃப்லெராவில் ஒருநாள் பளிச்சென்று முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தது. பார்க்க மற்றக் கிளைகளைவிடத் தெம்பாக இருந்தது. அதுதான் வினை. மஞ்சள் திட்டு உள்ள இலையில் பச்சையம் குறைவு, அதனால் வளர்ச்சியும் மெதுவு. பழைய பச்சைக்குத் திரும்பிய கிளை அதைவிட வேகமாக ஓடி, கொஞ்ச நாளில் செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும். பார்த்த உடனே கிளம்பும் இடத்தோடு சேர்த்து எடுத்துவிட்டேன். வண்ணத் திட்டுள்ள எந்தச் செடிக்கும் இதே வைத்தியம்தான்.

வெயிலும் பூச்சியும் உப்பும்

பங்குனி கடைசியில் வெயில் 40 டிகிரியைத் தொட்டதும் மாமி வரிசைக்கு மேலே 50 சதவீத நிழல் வலையை மதியத்துக்கு மட்டும் இழுத்துக் கட்டினேன். இரண்டாம் வருஷம் அது தேவைப்படவில்லை. சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன். அடியில் தென்னை மட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி மூடாக்கு. தண்ணீரைத் தினம் கொஞ்சமாகக் காட்டாமல், விட்டு விட்டு ஆழமாகப் பாய்ச்சுகிறேன். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். கொஞ்சமாக ஊற்றினால் உப்பு மேலேயே தங்கி, இலை நுனி கருகும். இலை மேல் தெளித்தால் வெள்ளைத் திட்டு வேறு. மழைத் தண்ணீர் சேர்த்து வைத்திருக்கிற நாட்களில் அதில்தான் இலையைக் கழுவுவேன்.

சித்திரையில் கோல்ட் டஸ்ட் இலைகள் மேலே மங்கி, ஊசியால் குத்தினது போல் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தன. இயல்பாகவே மஞ்சள் பொட்டுள்ள இலையில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டினேன். தூசி விழுந்தது. தாளைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தூசியில் சில நகர ஆரம்பித்தன. விரலால் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு. சிலந்திப்பேன். வறண்ட வெக்கைதான் அதற்குக் கொண்டாட்டம். அதற்கு மருந்தைவிட முதலில் தண்ணீர். அதிகாலையில் ஹோஸ் பைப்பில் விரலை வைத்து அழுத்தி, இலையின் அடிப்பக்கத்தில் படும்படி பீய்ச்சி அடித்தேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் அது கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளிப்பு. வேப்பெண்ணெயை வெயில் நேரத்தில் அடித்தால் இலை வெந்துவிடும். வாரம் ஒருமுறை தொடர்ந்ததில் அடங்கியது.

டுராண்டாவில் இன்னொரு குழப்பம். தங்க நிறம் எது, சோகை எது? ஆரோக்கியமான தங்க இலையில் நரம்பும் சேர்ந்து மஞ்சளாக, பளபளப்பாக இருக்கும். சோகை பிடித்த இலையில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் துருத்தி, நடுப்பகுதி வெளுத்து, ஓரம் காகிதம் போலக் காயும். வரிசையின் ஒரு கோடியில், நாங்கள் தோண்டாமல் விட்ட இடத்தில், நாலைந்து செடி அப்படி ஆயின. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு, வடிகட்டிச் சாயங்காலத்தில் தெளித்தேன். இரண்டு வார இடைவெளியில் மீண்டும் ஒருமுறை. அதோடு புது இலை தேறிவிட்டது. தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை விழும் என்பதால் பழைய சாக்கை விரித்துக்கொண்டுதான் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் அன்னபேதியை நேரே மண்ணில் போட்டால் பலன் சீக்கிரம் போய்விடும். அதற்கு ‘இடிடிஹெச்ஏ’ என்று போட்ட இரும்புச் சத்து வாங்க வேண்டும், விலை கூடுதல். எனக்குத் தெளிப்பே போதுமானதாக இருந்தது.

உரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆடியிலும் தையிலும் செடிக்கு இரண்டு கை மண்புழு உரம். யூரியா பக்கமே போகவில்லை. தழைச்சத்து கூடினால் கணு நீளும், இலை பச்சையாகும். குட்டையாகவும் நிறமாகவும் இருக்க வேண்டும் என்று வைத்த செடிக்கு அது இரண்டும் ஆகாது.

பதியம்

இரண்டாம் வருஷம் நர்சரிக்குப் போக வேண்டிய தேவையே வரவில்லை. டுராண்டா வெட்டிய குச்சியில் அரையடி நீளத்துக்கு நறுக்கி மழைக்காலத்தில் மணலில் குத்தினாலே வேர் விடும். எக்ஸ்கோகேரியாவும் அப்படித்தான், கொஞ்சம் தாமதமாக. குரோட்டன்ஸை விதையிலிருந்து வளர்த்தால் தாய் நிறம் வராது. குச்சி வைக்கலாம். ஆனால் நான் விண்பதியம்தான் போடுகிறேன், அதாவது கிளை செடியில் இருக்கும்போதே அதில் வேர் விட வைப்பது. இலையோடு, நிறத்தோடு, முழுச் செடியாகவே கைக்குக் கிடைக்கும்.

ஐப்பசி மழையில், பென்சில் தடிமனுக்கு மேலான ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து ஓர் அடிக்குக் கீழே ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்துவிட வேண்டும். பால் கொட்டும். ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பான பச்சைப் படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். அந்தப் படலம் மிச்சமிருந்தால் பட்டை திரும்பச் சேர்ந்துகொள்ளும், வேர் வராது. அப்புறம் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை ஒரு கைப்பிடி வைத்து, பாலித்தீன் தாளைச் சுற்றி இரண்டு பக்கமும் சணலால் இறுக்கிக் கட்டுவது. பிழிவதில் சோம்பல் கூடாது. சொட்டச் சொட்ட வைத்தால் அழுகிவிடும். ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தாளுக்கு வெளியே வெள்ளை வேர் ஓடுவது தெரியும். வேர் பழுப்பாகிற வரை பொறுத்து, கட்டுக்குக் கீழே நறுக்கி, பாதி இலையை எடுத்துவிட்டுத் தொட்டியில் வைத்து நிழலில் இரண்டு வாரம்.

இப்படி வந்த மாமிகளில் சிலவற்றை மாடிப்படி ஓரம் தொட்டியில் வைத்திருக்கிறேன். மூன்றைப் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு போய்க் கிழக்கு வாசலில் வைத்தார். காலை வெயில் மட்டும் படும் இடம், அங்கே சிவப்பு குறைவாகவும் மஞ்சள் கூடுதலாகவும் வந்திருக்கிறது. ஒரே தாய்ச்செடியின் கிளைகள்தான். வேப்பமரத்தை மின்கம்பிக்காகக் கழித்துவிட்டுப் போனதில் இப்போது வடக்குப் பக்கமும் வெயில் ஏறிவிட்டது. எக்ஸ்கோகேரியா சமாளித்துக்கொள்ளும் என்று தோன்றுகிறது. பரிசோதனைக்கு வைத்த அந்தப் பச்சை மாமியில் புது இலைகள் ஆரஞ்சுக்குத் திரும்புகின்றன. ஷெஃப்லெராவைத்தான் ஆவணியில் தொட்டிக்கு மாற்றி உள்ளே நகர்த்த வேண்டியிருக்கும். அந்த மூலைக்கு ஒரு குட்டை அக்கலிபாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன், தாய்ச்செடியைப் பார்த்த பிறகுதான் வாங்குவேன்.